நாற்பத்து நாலு இஞ்சு

அந்தப் பேண்டை வெட்டும்போது அவர் உள்ளே துணி விடவில்லை.

எந்த நல்ல தையல்காரரும் பேண்டின் பின்பக்கம், இடுப்புத் தையலுக்கு உள்ளே, கொஞ்சம் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பார். ஆள் பெருத்தால் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். என் கணவர் மற்றவர்களைவிட அரை இஞ்சு கூடுதலாகவே விடுவார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'அரையிஞ்சு'. கல்யாணத்துக்குத் தைக்க வருகிறவர்களிடம், "உங்களுக்கு ஒரு இஞ்சாவே விடறேன் மாப்பிள்ளை. சிரிக்காதீங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே தேடி வருவீங்க" என்பார். வந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் தனக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு துணி எடுத்து, இடுப்பு நாற்பத்து நாலு என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கோட்டை ஒட்டியே வெட்டினார்.

"என்னங்க, உள்ள ஒண்ணுமே விடலையே?"

"விட்டா பிரிக்கத் தோணும். இதுல பிரிக்க ஒண்ணும் கிடையாது. நான்தான் சின்னதாகி உள்ள போகணும்" என்றார். பிறகு துணியை என் மடியில் போட்டார். "காஜா நீ எடு, பொத்தான். ராசியான கை."

பொத்தான் என்பது நான். வீட்டு முன்னறையில் இருக்கும் எங்கள் கடையில், சட்டைக்கும் பேண்டுக்கும் பொத்தான் துளையைச் சுற்றிக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் இருபது வருஷமாக என் வேலை. மெஷினில் காஜா அடிக்கிற காலத்திலும் நான் கையால்தான் எடுப்பேன். முடிகிற இடத்தில் குறுக்கே மூன்று இழை ஓட்டி இறுக்குவேன். அந்தப் பேண்டுக்கும் அப்படித்தான் எடுத்தேன். அன்று அவருடைய இடுப்பு நாற்பத்தெட்டு இஞ்சு.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவர் இடுப்பு முப்பத்து நாலுதான். தலைவலி என்று ஆரம்பித்தது. மூளைக்கு அடியில் ஒரு கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "சாப்பிட ஏதாவது இருக்கா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம். நர்ஸும் சிரித்தாள். "பசிக்குதுன்னா உடம்பு தேறுதுன்னு அர்த்தம்." நான் ஊட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஊட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் மிச்சம் வைத்த ரொட்டியை அவர் எடுத்துச் சாப்பிட்டபோதுகூட நானும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் மறக்க வேண்டும் போலிருக்கிறது.

மூன்று மாதத்தில் இருபது கிலோ ஏறியது. டாக்டரம்மாதான் உட்காரவைத்து விளக்கினார்.

"கட்டி இருந்த இடத்துலதான் போதும்னு சொல்ற நரம்பும் இருக்கு. அது போயிடுச்சும்மா. சாப்பிட்டு எழுந்த பத்தாவது நிமிஷம், மூணு நாள் பட்டினி கிடந்தவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் இவருக்கு. வயிறு நிறைஞ்சிருந்தாலும் மூளைக்கு அந்தச் சேதி போகாது."

"மாத்திரை ஏதாவது..."

"குடுத்துப் பார்ப்போம். பெரிசா நம்ப வேண்டாம்." அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி இருக்கிற மூளைதான் நம்மளை அடக்கி வைக்கிறது. இப்ப வேண்டாம், அப்புறம்னு சொல்றது. அது இவருக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்பவாவது ஒரு தடவை பிடிச்சு நிறுத்தறதுக்குத்தான் அதால முடியும். நாள் பூரா, நிமிஷத்துக்கு நிமிஷம் பிடிச்சு நிறுத்தணும்னா அது களைச்சுப் போயிடும்."

வெளியே வந்து அவரிடம் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"தும்மல் வர்ற மாதிரி இருந்தா அடக்குவோம்ல? ஒரு நிமிஷம் அடக்கலாம். என்னைக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அடக்கச் சொல்றாங்க."

அதன் பிறகு சமையலறைக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவியைக் கருப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பூட்டை வாங்கி வந்து மாட்டியவர் அவர்தான். எதிர்த்த பேக்கரிக்காரரிடம் போய், "அண்ணே, நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் எனக்கு ஒரு பன்கூட விக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான். காலை நேரத்தில் அவர் அவராகவே இருப்பார். வெட்டுவார், தைப்பார், வருகிறவர்களிடம் வம்பளப்பார். "ஒரு சாண் வயிறுன்னு எவனோ சொல்லியிருக்கான். அவன் அளவெடுக்கத் தெரியாதவன்" என்று தன் தொப்பையைத் தட்டிக்கொள்வார். மணி நாலை நெருங்கும்போதுதான் பேச்சு குறையும். சிரிப்பு நின்றுவிடும். கையில் இருக்கும் துணியை விட்டுவிட்டுப் பூட்டையே பார்ப்பார். நாலு மணிக்கு நான் திறந்து ஒரு கிண்ணம் சூப்பும் அவித்த காயும் கொடுப்பேன். அந்த நாலு மணி வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எனக்கு ஒவ்வொரு நாளும் வேலை.

ஒரே ஒரு நாள் மகளுடைய பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று மூன்று மணிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பூட்டு கொண்டியோடு பெயர்ந்து கிடந்தது. மாவு, சர்க்கரை, பாதிக்கட்டி வெண்ணெய், உறைந்த பட்டாணி, காலருக்கு விறைப்புப் போடுகிற கஞ்சி மாவு, எதுவும் மிச்சமில்லை. அவர் தரையில் உட்கார்ந்து பெரிய கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதை நெம்பித்தான் பூட்டை உடைத்திருக்கிறார். முனை ஒடிந்துவிட்டது. அந்தக் கத்தரிக்கோலால் மகள் ஒரு காகிதம் வெட்டினால்கூடக் கத்துகிற மனுஷன்.

"இன்னைக்குக் காலையில தராசுல எவ்வளவு காட்டுச்சு தெரியுமா?" என்றார். "எண்ணூறு கிராம் ஏறியிருந்துச்சு. ஒரு வாரம் உயிரைக் கொடுத்து அடக்கினேன், எண்ணூறு கிராம் ஏறுது. அந்த எண்ணைப் பார்த்தா எனக்கு வெறி பிடிக்குதும்மா."

இதற்கு நடுவில்தான் கண் விஷயம் வந்தது. முதலில் விட்டுவைத்த ஒரு துணுக்கு மறுபடி வளர்ந்து கண் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அவருக்கு நேரே இருப்பது தெரியும், இரண்டு பக்கமும் இருப்பது தெரியாது. வலது கைப்பக்கம் வைத்த சுண்ணக்கட்டியை மேசை முழுக்கத் தேடுவார். பக்கவாட்டில் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். செய்யாவிட்டால் அதுவும் போய்விடும்.

ஆனால் மயக்க மருந்து டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அன்று அவர் எடை நூற்றி இருபத்தொரு கிலோ.

"நூத்தி பத்து. அதுக்கு மேல இருந்தா நான் ஊசி போட மாட்டேன். சும்மா தூங்கும்போதே இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நான் தூங்கவெச்சு, எழுப்ப முடியலைன்னா உங்களுக்கு என்ன பதில் சொல்றது? நாலு மாசம் டைம். அதுக்கு மேல கண்ணு தாங்காது."

பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார், "நான் நூத்திப் பத்து இருந்தப்ப நமக்கு என்ன அளவு?"

வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டைப் புரட்டினோம். ஊரில் எல்லாருக்கும் இருப்பதுபோல அவருக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் நூற்றிப்பத்து என்று எழுதியிருந்த அதே மாதம் தனக்கு ஒரு பேண்ட் தைத்திருக்கிறார். இடுப்பு நாற்பத்து நாலு.

"அவ்வளவுதான். இனிமே தராசு வேண்டாம்" என்றார். "தராசு என்னை அடிக்கிற மாதிரி இருக்கு. டேப்பும் துணியும் நமக்குத் தெரிஞ்ச விஷயம். நாப்பத்து நாலு இஞ்சு பேண்ட் ஒண்ணு தைக்கிறேன். அதுல பொத்தான் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போகவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது ஒரு சாக்கு. நான் துணியை நம்பினேன். இருபது வருஷம் அதை நம்பித்தானே சாப்பிட்டோம்.

முதல் மாதம் அந்தப் பேண்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. நானும் அவரும் சாயங்காலம் நடக்கப் போனோம். சாப்பாட்டுக் கடை இல்லாத வழியாகப் பார்த்து நானே ஒரு பாதை போட்டேன். டயர் கடை, மரக்கடை, கண்ணாடி வெட்டுகிற இடம், பிறகு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வீடு. பக்கவாட்டில் வண்டி வந்தால் தெரியாது என்பதால் என் கையைப் பிடித்துக்கொள்வார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிக் கை கோத்து நடந்ததில்லை.

"ஊர்ல என்ன நினைப்பாங்க, இந்த வயசுல" என்றேன் ஒரு நாள்.

"அரையிஞ்சுக்கு இப்பத்தான் லவ்வு வந்திருக்குன்னு நினைப்பாங்க. உண்மைதானே?"

காற்று திரும்பி எங்கிருந்தோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. அவர் பிடி இறுகியது. என் விரல் வலித்தது. நான் நடையைக் கூட்டினேன்.

வீட்டில் நாங்களும் அவர் சாப்பிடுவதைத்தான் சாப்பிட்டோம். மகளுக்குப் பதினாறு வயது. ஏதாவது தின்பண்டம் கிடைத்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தின்பாள், காகிதம் சரசரப்பது அப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்று. பிறகு அதையும் விட்டுவிட்டாள். எது கொடுத்தாலும், "பசிக்கலம்மா" என்பாள். அவளுடைய சீருடையை அந்த நாலு மாதத்தில் நான் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். வளர்கிற வயதில் ஒல்லியாவது சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நாத்தனார் வருவார். அவருடைய அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கையில் எப்போதும் ஒரு துணிப்பை. பழைய பாவாடை, பேரனின் சட்டை என்று எதையாவது சுருக்கவோ பெருக்கவோ கொண்டுவருவார். பூட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிடும்.

"சாவியைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியறே. ஜெயில்லகூட மூணு வேளை சோறு உண்டு."

"அண்ணி, இங்கயும் மூணு வேளை உண்டு. நாலாவது வேளைக்குத்தான் பூட்டு."

"நல்லாப் பேசு. பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்வாங்க, அவனுக்கு ஒண்ணும் பறக்கல, பொறுமையா உக்காந்திருக்கான் பாரு. நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அவனுக்கு ஊட்டினவ. அவன் கண்ணைப் பார்க்க முடியல எனக்கு."

"அக்கா, விடு. அவ நல்லதுக்குத்தான் செய்யறா" என்பார் அவர், மெஷினை விட்டுத் தலை தூக்காமல். "பையை இங்க வெச்சுட்டுப் போ. அடுத்த வாரம் தர்றேன்."

பையை அவர் காலடியில் வைத்துவிட்டு நாத்தனார் போவார். எனக்கு வேலை இருக்கும்.

இரண்டாவது மாதக் கடைசியில் பேண்ட் இடுப்புக்கு வந்தது. படுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தால் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. நான் அளந்து பார்த்தேன். நாற்பத்தேழு. ஒரு இஞ்சு இறங்கியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை. "தினம் தினம் பார்த்தா இதுவும் தராசு மாதிரி ஆயிடும். மொத்தமா ஒரு நாள் பார்ப்போம்" என்றார். டேப்பையும் வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் மகளும் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தோம். அவர் கடை நடுவில் அந்தச் சாம்பல் பேண்ட்டில் நின்றுகொண்டிருந்தார். பொத்தான் போட்டிருந்தார். மேலே பெல்ட்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"என்ன பார்க்கறே? மாப்பிள்ளை எப்படி?"

மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால் சத்தம் போட்டு, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர. அவர் என் கையைப் பிடித்து இழுத்து, மெஷினுக்கும் அயர்ன் மேசைக்கும் நடுவில் இருந்த மூன்றடி இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்தில் இருந்த நூல்கண்டு ரேக்கைப் பார்க்கவில்லை, இடித்துவிட்டார். வீடு முழுக்க நூல்கண்டு உருண்டது. அதைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தோம்.

அன்றைக்கப்புறம் நான் மூச்சு விட்டுத் தூங்கினேன். பேண்டை அவரே துவைத்தார், அவரே அயர்ன் செய்தார். "இது என் சாமான். யாரும் தொடக்கூடாது" என்றார். நான் கேலி செய்தேன். எடை இறங்கிவிட்டது என்று நான் போனில் சொன்னதும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சாயங்கால நடையில் அவர் கொஞ்சம் அதிகமாகவே மூச்சு வாங்கினார். கேட்டால் வெயில் என்றார்.

குறித்த நாளில் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். நாங்கள் கிளம்பும்போது மகள் அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்திருந்தாள். நர்ஸ் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வந்து எடை பார்க்கச் சொன்னாள். அவர் உள்ளே வெகுநேரம் நின்றார்.

"என்னங்க, முடிச்சு போட வரலையா?"

"வருது, வருது."

கழற்றிய பேண்டைத் திரைக்கு மேலாக என்னிடம் நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை. நான் இழுத்த பிறகுதான் விட்டார்.

மடிக்கும்போது என் கட்டைவிரல் காஜாவில் பட்டது.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் காஜா வழவழவென்று இருக்கும். இது பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. ஒரு இழை நீளம், ஒரு இழை குட்டை, இரண்டு இடத்தில் ஊசி துணியை விட்டு வெளியே போய்த் திரும்பியிருந்தது. முடிவில் குறுக்கே ஒரே இழை. சரியாகத் தெரியாத கண்ணோடு, நான் வீட்டில் இல்லாத நேரத்தில், யாரிடமும் கொடுக்க முடியாமல் அவரே உட்கார்ந்து எடுத்திருக்கிறார்.

அதே சாம்பல் துணி. அதே டப்பாவிலிருந்து எடுத்த பொத்தான். பேண்ட்தான் வேறு.

திருப்பிப் பார்த்தேன். பின் இடுப்பில், உள்ளே, துணி மடித்து விட்டிருந்தது. அரை இஞ்சு இல்லை, நன்றாக இரண்டு இஞ்சு. மடிப்பை ஒட்டி ஒரு வரிசை பொடிப்பொடியான ஓட்டைகள். ஏற்கெனவே ஒருமுறை பிரித்துத் தளர்த்தித் தைத்த தடம்.

திரை விலகியது. பச்சை அங்கியில் அவர் நின்றார். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறி நில்லுங்க சார்" என்றாள் நர்ஸ்.

நூற்றி இருபத்து நாலு.

நர்ஸ் அவரை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னாள். அதே எண். மயக்க மருந்து டாக்டர் வந்து சீட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. மாதாமாதம் ஏன் வரவில்லை என்று மட்டும் என்னிடம் கேட்டார். பேண்டை நம்பினோம் என்று எந்த டாக்டரிடம் சொல்ல முடியும்?

டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எடை குறைந்தால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். ஆனால் கட்டி காத்திருக்காது என்றும் சொன்னார். இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. கண் போன பிறகு செய்து பிரயோஜனமில்லை.

"என் தப்பு டாக்டர்" என்றார் அவர்.

"தப்புன்னு சொல்லாதீங்க. உங்களால முடியாததைத்தான் உங்ககிட்ட கேட்டோம். வேற வழி இல்லாம கேட்டோம்."

அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. முடியாது என்று முதலிலேயே தெரியும் என்றால் எதற்கு நாலு மாதம் நடந்தோம்?

இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அக்கா பையில துணிக்கு அடியில இருக்கும். பன், பிஸ்கட்டு. அவளா கொண்டுவரல, நான்தான் கேட்டேன். ஒரு தடவை மட்டும்னு கேட்டேன். அவளால எனக்கு இல்லைன்னு சொல்ல முடியாது, உனக்குத் தெரியும்ல. அவளை ஒண்ணும் சொல்லாதே."

"பேண்ட் எப்பத் தைச்சீங்க?"

"நீ அளந்துட்டு ஒரு இஞ்சு இறங்கிடுச்சுன்னு சொன்னியே, அதுக்கு அடுத்த வாரம். அன்னைக்கு நீ காய்கறி வாங்கப் போனப்ப நானே டேப் வெச்சுப் பார்த்தேன். மறுபடி நாப்பத்தெட்டரை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா நீ சிரிக்கவே இல்ல, பொத்தான். ஒரு நாள் சிரிக்கட்டும்னு தைச்சேன். நாள் இருக்கு, அதுக்குள்ள உண்மையாவே கொறைச்சுட்டு, பழைய பேண்டை மாட்டிக்கிட்டு இதை எரிச்சுடலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். காலையில எல்லாம் அப்படித்தான் நெனைப்பேன்."

"அப்புறம் எதுக்கு உள்ள ரெண்டு இஞ்சு விட்டீங்க?"

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். என் கணவருக்கு அது தெரிந்திருக்காது, பக்கவாட்டில் இருந்தது. ஆனால் வாசனை போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இறங்குகிற வரை திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். கடையைத் திறக்கவில்லை. உள்பக்கமாக உட்கார்ந்தோம். வெட்டும் மேசைக்கு அடியில், ஒட்டுத்துணி மூட்டைக்குள், முதல் பேண்ட் இருந்தது. நான் எடுத்த காஜா அப்படியே, ஒருமுறைகூடப் பொத்தான் நுழையாமல் இருந்தது. அதை மடித்து அலமாரியில் வைத்தேன். யாருக்காவது ஆகும்.

பிறகு அவர் போட்டிருந்ததைக் கழற்றித் தரச் சொல்லி, கைலியைக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, அவர் எடுத்த காஜாவைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"அதை எதுக்கு இப்ப?"

"நாளைக்குப் போட்டுக்க இதுதானே இருக்கு. பிசிறு பிசிறா இருக்கு. ரெண்டு தடவை துவைச்சா பிஞ்சுடும்."

அவர் மெஷினுக்கு முன்னால் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மணி என்ன?"

"மூணு இருபது."

"நாலு மணிக்குக் குடு. அதுவரைக்கும் சாவியைக் குடுக்காதே. நான் என்ன கேட்டாலும் குடுக்காதே."

"இனிமே எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சும்மா. இன்னைக்கு ஒரு நாள், பொய் இல்லாம நாலு மணி வரைக்கும் இருந்து பார்க்கிறேன்."

தெருவில் மீன் வண்டிக்காரரின் மணி போனது. பேக்கரியில் மூன்றரை மணி ரொட்டி இறங்குகிற வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. அவர் தோள் இரண்டும் மேலே ஏறி இறுகின. நெற்றியில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா தொட்டுக் காட்டிய அதே இடம். எனக்கு எழுந்து போய் அங்கே கையை வைக்க வேண்டும் போலிருந்தது. வைத்தால் அழுதுவிடுவேன். அதனால் தைத்தேன். ஒரு இழை, அதற்குப் பக்கத்தில் ஒரு இழை.

காஜாவின் முடிவுக்கு வந்து, குறுக்கே முதல் இழையை ஓட்டும்போது ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

அவர் என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்குங்க."

"தெரியும்" என்றார்.

நான் கயிற்றைக் கழுத்திலிருந்து தூக்கினேன். அது பின்னலில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. அவர் குனிந்து, என் தலையை மெல்ல நேராகத் திருப்பி, தனக்குத் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு முடியாக விலக்கிக் கயிற்றை விடுவித்தார். மெல்லிய பட்டிலிருந்து குண்டூசி எடுக்கும்போது அவர் விரல் அப்படித்தான் இருக்கும். ஒரு முடிகூட அறுபடவில்லை.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டாவது இழையையும் மூன்றாவது இழையையும் ஓட்டி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.